தாகம் என்றால் ஈரம்

என் தம்பிக்கு ஊரில் வைத்த பெயர் மூக்கு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள், "முதல்ல மூக்கைக் கூட்டிட்டு வந்து காட்டறேன், அப்புறம் பேசலாம்" என்று விற்பவரிடமே சொல்லிவிட்டு வருவார்கள். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் வேலை அப்படி.

கதவு இடுக்கு ஒரே சீராக இருக்கிறதா, பெயிண்டுக்குக் கீழே பட்டி பூசியிருக்கிறதா, என்ஜின் ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல ஏதாவது படிந்திருக்கிறதா என்று எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். ஆனால் எங்கள் ஊரில் தாழ்வான தெருக்கள் அதிகம். பெருமழை வந்தால் கார்கள் சீட் வரைக்கும் முழுகிப்போகும். அந்த வண்டிகளைக் காயவைத்து, மெருகேற்றி, வேறு தெருவில் நிறுத்தி விற்றுவிடுவார்கள். ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் உள்ளே ஒயர்கள் பச்சை பூத்து, நடுரோட்டில் நின்றுவிடும். முன்பெல்லாம் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். இப்போது பெல்ட்டையே மாற்றிவிடுகிறார்கள். வாடையை மட்டும் அவர்களால் முழுசாகப் போக்க முடியவில்லை.

தம்பி டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, கால்மிதியைத் தூக்கி, ஒரே ஒரு மூச்சு இழுப்பான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வான். நல்ல வண்டி என்றால் "எடுக்கலாம்" என்பான். முழுகின வண்டி என்றால் "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்பான். விற்கிறவரை நாலு பேர் முன்னால் குறை சொல்லக் கூடாது என்பது அவன் கணக்கு. அவன் அப்படிச் சொன்ன வண்டிக்காக யாரும் வீட்டில் போய்க் கலந்து பேசியதில்லை.

போன மழைக்காலத்தில் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கடைக்குப் போயிருந்தாள். வாசலிலேயே எனக்கு மூச்சு முட்டியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. இவன் அடுத்த அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான்.

"ஏன்டா, மூக்கைக் கழட்டி எங்கேயாவது வச்சுட்டியா?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அவன் பேப்பரை நாலாக மடித்துக் கீழே வைத்தான். "ஆமாக்கா" என்றான்.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, வந்தால் வரும் என்றார். வராவிட்டால் என்று கேட்டேன். "சாப்பாட்டுல ருசி கொஞ்சம் கம்மியா இருக்கும். மத்தபடி உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார், நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி.

தம்பி நாற்பதைத் தாண்டியவன். வேறு தொழில் தெரியாது. இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, என் மூக்கும் அந்த மூக்குதானே என்று நான்தான் சொன்னேன். அவன் ஈரச் சாக்கு, கருகின ஒயர், பெட்ரோல் துணி எல்லாம் கொண்டுவந்து, என் கண்ணைக் கட்டி, ஒவ்வொன்றாக நீட்டினான். எனக்கு எல்லாமே தெரிந்தது. ஆனால் விற்பவர் எதிரில் வாய்விட்டுச் சொல்ல முடியாதே.

"ஈர வாடை வந்தா, தாகமா இருக்குன்னு சொல்லு. கருகலோ பெட்ரோலோ வந்தா, தலை வலிக்குதுன்னு சொல்லு" என்றான்.

"ஒண்ணும் வரலன்னா?"

"வாயைத் திறக்காதே. உனக்கு அதான் கஷ்டம்."

அப்படியே சில வண்டிகளைப் பார்த்தோம். அக்காவுக்கு வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, அதனால் கூட்டி வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னான். நான் பின்சீட்டில் உட்கார்ந்து காற்று வாங்குவது போல மூச்சு இழுப்பேன். எனக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. "அக்காவுக்குச் சர்க்கரை இருக்கும் போலிருக்கு, செக் பண்ணிடுங்க" என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். அன்று திரும்பி வரும்போது தம்பி சிரித்தான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு நர்ஸம்மா வந்தார். இரவு வேலை முடிந்து திரும்ப ஒரு கார் வேண்டும் என்றார். தகரக் கூரை போட்ட புரோக்கர் ஷெட்டில் வெள்ளை நிறத்தில் சின்ன வண்டி நின்றது. நர்ஸம்மாவின் மாமியாரும் வந்திருந்தார். கால் வலிக்கிறது என்று என்னோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் மூச்சு இழுத்தேன். பழைய சீட் துணி வாடை, கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி முன்னால் பானெட்டைத் தூக்கிவைத்து அதற்குப் பின்னால் நின்றான்.

"அப்பாடா, என்ன வெயில். தாகமா இருக்கு" என்றார் மாமியார்.

பானெட்டுக்குக் கீழே இடுக்கில் தெரிந்த அவன் கை நின்றது. பானெட் மறைப்பில், நான்தான் சொன்னேன் என்று நினைத்துவிட்டான்.

"எனக்குத் தாகம் இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். அதே நேரத்தில் புரோக்கர் சாவியைத் திருப்பினார். என்ஜின் சத்தத்தில் என் குரல் முன்னால் போய்ச் சேரவில்லை.

"உங்களை யாரும்மா கேட்டா?" என்றார் மாமியார், மனத்தாங்கலாக.

இறங்கி ஓடலாம் என்று கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. குழந்தைகள் விழுந்துவிடாமலிருக்கப் போடுகிற பூட்டு. உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியைத் தட்டினேன். நர்ஸம்மா வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவதற்குள் தம்பி முழங்காலைத் தட்டிக்கொண்டு சொல்லிவிட்டான்: "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க."

ஓடிப்போய் அவன் காதில், "நான் சொல்லலடா, அந்தம்மாதான்" என்றேன்.

அவன் சொல்லும் வார்த்தைக்கு அர்த்தம் புரோக்கருக்கும் தெரியும். அவர் என்ஜினை நிறுத்திவிட்டு வந்தார். "என்ன மூக்கு, கலந்து பேசணுமா? இது என் மாமனார் வண்டி. மாடி பார்க்கிங்லயே நிக்கிற வண்டி, ஒரு மழைக்கும் கீழே நின்னதில்ல. எங்கே தண்ணி, காட்டு" என்றார். தரைவிரிப்பை அவரே கிழித்துத் தூக்கினார். அடியில் கம்பெனி ஒட்டின பசைகூடக் கரையாமல், உலர்ந்து கிடந்தது.

புரோக்கருக்கு ஏற்கெனவே ஏதோ சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஷெட்டுக்குள் போய் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் கொண்டுவந்தார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் பெயிண்டில் கலக்கும் தின்னர். பார்க்க இரண்டும் ஒன்றுதான். வலதுகைப் பாட்டிலின் மூடியைத் திருகித் தம்பியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எதுன்னு சொல்லு. இவ்வளவுதான்."

நான் நின்ற இடத்திலேயே எனக்கு நெடி ஏறிவிட்டது. "எனக்குத் தலை வலிக்குது" என்றேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்தில் அவன் மூக்கு அறுபடாமல் தப்பித்திருக்கும்.

"தெரியல" என்றான் புரோக்கரிடம். "காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாடையும் தெரியல. அக்காவை வச்சுத்தான் பார்த்தேன். வண்டி நல்ல வண்டி. அம்மா, நீங்க எடுக்கலாம்."

புரோக்கர் பாட்டிலை மூடினார். நர்ஸம்மா மட்டும் அவன் பக்கத்தில் வந்து, "வீட்டுல கேஸ் லீக் ஆனா உங்களுக்குத் தெரியாது. ஜன்னலைத் திறந்தே வைங்க" என்றார்.

பஸ்ஸில் கேட்டேன். "நான்தான் சொன்னேனேடா. நீ சொல்லியிருக்கலாமே."

"இன்னைக்குச் சொல்லிடலாம். நாளைக்கு வேற யாருக்காவது தாகம் எடுக்கும்" என்றான்.

அதன் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. ஊருக்குள் செய்தி பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூக்கு என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் யாராவது, "மூக்கு, டீ எப்படி மணக்குது?" என்று கேட்பார்கள். அவன் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவான். தின்னர் வாடை எனக்குத் தெரியும் என்பதற்காக என்னை யார் கார் பார்க்கக் கூப்பிடுவார்கள்?

கடைசியில் அந்தப் புரோக்கரே வீட்டுக்கு வந்தார். விற்கிற வண்டிகளை உள்ளே கழுவித் துடைக்க ஆள் வேண்டும், கழுவுகிற மருந்தின் நெடி தாங்காமல் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள் என்றார். "உனக்குத்தான் அந்தத் தொல்லை இல்லையே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே உதவிதான் செய்தார். தம்பி சரி என்றான்.

நேற்று வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"இன்னைக்கு ஒரு நீல வண்டி கழுவினேன். என்ன வாடைன்னு பாரு."

சோப்பு நெடிக்கு அடியில் சேறு இருந்தது. அவனிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "முழுகின வண்டிடா" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றான். "நாளைக்கு ஒரு குடும்பம் பார்க்க வருது."

"சொல்லிடேன் அவங்ககிட்ட."

"என்னன்னு? எனக்கு வாடை தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

சட்டையை வாங்கி மறுபடி போட்டுக்கொண்டு, காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்று கிளம்பினான்.