கறுப்பு அம்பிளிஃபயரும் என்ரை காதும்

முதல் அம்பிளிஃபயரை யொக்கஹாமாவில் வாங்கினேன். எண்பத்து நாலாம் ஆண்டு. அப்போது நான் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். ஒன்பது மாதம் கடலில் நின்றால் மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில், அரியாலையில் வீட்டில் நிற்கலாம். அந்த ஒன்பது மாதமும் இயந்திர அறையின் இரைச்சலுக்குள் நின்றவனுக்கு, வீட்டில் நல்ல சங்கீதம் கேட்க வேண்டும் என்பதைத் தவிரப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

அது வெள்ளி முகம் வைத்த பெட்டி. முன்பக்கத்தில் கண்ணாடிக்குள் இரண்டு முட்கள். பாட்டுக்குத் தக்கபடி அவை எழும்பி விழும். ஜப்பான்காரர் தங்கள் ஊருக்கென்று செய்தது என்பதால் நூறு வோல்ட் கறண்டில்தான் வேலை செய்யும். எங்கள் வீட்டுக் கறண்டோ இருநூற்று முப்பது. அதைக் குறைத்துக் கொடுக்கப் பட்டணத்தில் ஒரு றேடியோ திருத்துகிறவரிடம் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று சுற்றுவித்தேன். செங்கல் அளவில் இருந்த அது எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்தது.

"உது ஏன் உறுமுது?" என்று மனைவி கேட்டாள்.

"உமக்குக் கேக்குதோ?"

"பக்கத்து வீட்டுக்கும் கேக்கும்."

அடுத்த நாள் சுவரில் ஓட்டை போட்டு, வயரை விட்டு, ட்ரான்ஸ்ஃபோமரைச் சாமான் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். உறுமல் போய்விட்டது. ஆனால் எனக்கு ஆறுதல் வரவில்லை. கடையில் கேட்ட சத்தம் இது இல்லை. ஏதோ ஒரு மெல்லிய துணியைப் போர்த்துவிட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, பிறகு இரண்டு அடி. யன்னல் திரைகளைக் கழற்றினேன். வயரை மாற்றினேன். பின்னேரத்தில் எல்லா வீட்டிலும் லைற் போட்டதும் கறண்டு இறங்கிவிடும், அதுதான் காரணம் என்று ஒரு கிழமை நினைத்தேன். சுவரில் ஒரு வோல்ட் மீற்றரை அடித்து வைத்து, இருநூற்றுப் பத்துக்குக் கீழே முள் போனால் பாட்டை நிறுத்திவிடுவேன். பாட்டுக் கேட்க வந்த சனம் பாதிப் பாட்டோடு எழும்பிப் போகும். அந்த லீவு முழுக்க ஒரு இசைத்தட்டைக்கூட முதலிலிருந்து கடைசிவரை இருந்து கேட்டதாக ஞாபகம் இல்லை.

கப்பலுக்குப் போன பிறகும் மனம் அதிலேயே நின்றது. துறைமுகம் துறைமுகமாக ஹை-ஃபை சஞ்சிகைகள் வாங்கினேன். படத்தைப் பார்த்தே ஒவ்வொரு பெட்டியின் உள்ளமைப்பையும் மனப்பாடம் பண்ணினேன். இரண்டு வருஷம் கழித்து, அதே யொக்கஹாமாக் கடையில் அந்தக் கறுப்பு அம்பிளிஃபயரை வாங்கினேன். இருபத்து மூன்று கிலோ. முன்பக்கத்தில் சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றும், தட்டோ கசெற்றோ என்று தெரிந்தெடுக்க ஒன்றும். வேறொன்றும் இல்லை. உயர்ந்த சத்தத்தையும் தாழ்ந்த சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் திருகுகள் கிடையாது. "நல்ல அம்பிளிஃபயருக்கு அதுகள் தேவையில்லை" என்று கடைக்காரர் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் ஊரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

கொழும்பிலிருந்து மினிபஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆனையிறவு இராணுவச் சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு சிப்பாய் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாரமாக என்ன இருக்கிறது என்று கேட்டான். பாட்டுக் கேட்கிற பெட்டி என்றேன். மூடியைத் திறக்கச் சொன்னான். வெயிலுக்குள் குந்தியிருந்து, ஒரு ஐம்பது சதக் குற்றிக் காசால் திருகாணிகளைக் கழற்றினேன். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் எனக்காகக் காத்து நின்றார்கள். உள்ளே ரின்பால் பேணியளவில் இரண்டு கறுப்புக் கொள்கலங்கள் நிமிர்ந்து நின்றன. அவற்றைக் கண்டதும் சிப்பாய் இரண்டு அடி பின்னுக்குப் போனான். அவை மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிறவை என்று விளங்கப்படுத்த எனக்குச் சிங்களம் போதவில்லை. அவனுக்கு மேலதிகாரி ஒருவன் வந்து குனிந்து பார்த்து, சிரித்து, போகச் சொன்ன பிறகுதான் மூடியைத் திரும்பப் பூட்டினேன். பிறகு பஸ்ஸில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதை இணைத்துப் போட்டேன். முதல் தட்டின் முதல் ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. ஆறாவது நிமிஷம் அதே துணி.

மனைவியின் அண்ணன் நல்லூரில் இருந்தார். மருந்துக்கடை வைத்திருந்தார். அவருக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. வளைகுடாவில் வேலை செய்த நண்பர் மூலம் எடுப்பித்த வேறொரு ஜப்பான் அம்பிளிஃபயர் அவரிடம் இருந்தது. என் புலம்பலைக் கேட்டுக் களைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்.

"வாரும் மச்சான், இண்டைக்கு ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாத்திடுவம். நீர் சுவரைப் பாத்துக்கொண்டு இரும். நான் மாத்தி மாத்திப் போடுறன். எது உம்மடை, எது என்ரை எண்டு சொல்லும்."

ஒரு வயலின் கச்சேரித் தட்டைத் தெரிந்தெடுத்தோம். மிருதங்கத்தோடு கஞ்சிராவும் உள்ள தட்டு. கப்பலுக்குப் போவதற்கு முந்தின காலத்திலிருந்தே எனக்குப் பழக்கமானது. சமையலறையில் நின்ற மனைவியை மச்சான் கூப்பிட்டு, சும்மா ஒரு துணைக்கு என் பக்கத்தில் இருத்தினார். கை ஈரத்தைச் சீலையில் துடைத்துக்கொண்டு அவளும் சுவரைப் பார்த்து இருந்தாள்.

பத்துத் தரம் மாற்றிப் போட்டார். நான் ஒவ்வொரு தரமும் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நேரம் எடுத்துச் சொன்னேன். அவள் பாட்டுத் தொடங்கிய உடனே சொன்னாள்.

"இது அண்ணையின்ரை."

"இது எங்கடை."

"இதுவும் எங்கடைதான். மாத்திறது மாதிரிச் சத்தம் போட்டிட்டு மாத்தேல்லை நீங்கள்."

கடைசியில் மச்சான் தான் குறித்து வைத்த துண்டைப் பார்த்து வாசித்தார். அவளுக்குப் பத்தும் சரி. எனக்கு நாலு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் அதைவிடக் கூட வந்திருக்கும்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?" என்று கேட்டேன். குரல் சரியாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்தேன்.

"இதிலை என்ன கண்டுபிடிக்க இருக்கு? எங்கடையிலை கஞ்சிராக் காசு கிலுங்குறது தனியாக் கேக்குது. அண்ணையின்ரையிலை அது கொஞ்சம் மழுங்கிப் போய்க் கேக்குது."

"கஞ்சிராக் காசோ? எங்கை?"

"இப்ப." அவள் விரலை உயர்த்தினாள். "இப்ப. இப்பவும்."

அந்த விரல் மேலே போகிற ஒவ்வொரு தரமும் நான் மூச்சைப் பிடித்துக் கேட்டேன். தோலில் விழும் அடி கேட்டது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"தட்டுத் தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு எழும்பி, ஊசியைத் தூக்கினேன். மச்சான் தங்கையைப் பார்த்தார். தன் பெட்டியைத் திரும்பக் காரில் ஏற்றும்போது, "மச்சான், ஒருக்கா டொக்டரிட்டைக் காதைக் காட்டும்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அவரில் வந்த கோபம் கன நாள் போகவில்லை. அவளில் அதைவிடக் கூடக் கோபம். பின்னால் வரும் சைக்கிள் மணி கேளாமல் நான் றோட்டின் நடுவே நடப்பதையும், அவள் பூசை அறையில் மணி அடித்து முடித்த பிறகும் "இன்னும் பூசை தொடங்கேல்லையோ?" என்று நான் கேட்பதையும் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ! ஒரு சொல்லும் சொல்லவில்லையே.

அதற்குப் பிறகு ஊரில் பிரச்சினை மூண்டு, வீட்டை விட்டு வெளியே போகேலாத மாதங்கள் வந்தன. எண்பத்து எட்டில்தான் அடுத்த கப்பலுக்காகக் கொழும்புக்குப் போனேன். வைத்தியப் பரிசோதனையில் ஒரு சின்னக் கூண்டுக்குள் இருத்தி, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும். கொஞ்ச நேரம் அமத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். ஏதோ பழுதாக்கும் என்று கண்ணாடிக்கூடாக நேர்சைப் பார்த்து, "அடுத்ததை எப்ப தொடங்குவியள்?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவள் தொடங்கி, முடித்துமிருந்தாள்.

இயந்திர இரைச்சல் தின்றுவிட்டது என்றார் டொக்டர். உயர்ந்த சுருதிகள் போய்விட்டன, திரும்பி வராது. வேலைக்குத் தடையில்லை என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார். இயந்திர அறைக்குக் காது தேவையில்லைத்தானே.

அந்தப் பயணத்தில் யொக்கஹாமாவுக்குப் போனபோது கால் பழக்கத்தில் அதே கடைக்குப் போனது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, புதிதாக வந்த ஒன்றைப் போட்டுக் காட்டினார். கடை முழுக்க நின்ற பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இவற்றில் பிழை பிடித்தது, சஞ்சிகைகளை மனப்பாடம் பண்ணியது, சுவரில் ஓட்டை போட்டது எல்லாம் நினைவுக்கு வந்து முகம் கொதித்தது. நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

அதோடு கடலை விட்டேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மனைவிக்கு டொக்டரின் கடதாசியைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா இருக்கிற சந்தோஷமும் போயிடுமெண்டு நினைச்சன். நீங்கள் ஒவ்வொரு லீவுக்கும் உதைக் கழட்டிப் பூட்டிக்கொண்டு எண்டாலும் வீட்டிலை இருந்தனீங்கள்."

பழைய வெள்ளிப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். அதில் உயர்ந்த சத்தத்தைக் கூட்டும் திருகு இருந்தது. கடைசிவரை திருகினேன். துணி விலகிய மாதிரி இருந்தது. வயலின் வில்லு நரம்பில் உரசுவதுகூடக் கேட்டது. நான் சிரித்துக்கொண்டு திரும்பினால், அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். எனக்குச் சரியானது அவளுக்கு ஊசி குத்துவது போல. அவளுக்குச் சரியானது எனக்கு மூடிய கதவு. கொஞ்ச நாள் சண்டை. பிறகு ஒரு வழி கண்டோம். கறுப்புப் பெட்டி ஸ்பீக்கரில் அவளுக்கு. வெள்ளிப் பெட்டி ஹெட்ஃபோனில் எனக்கு. ஒரே தட்டு, இரண்டு பெட்டி, அறையின் இரண்டு பக்கத்தில் இரண்டு கதிரை. அவள் தலையாட்டும் இடத்தைப் பார்த்து, நான் எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்துகொள்வேன். ஆறு மாதம் அப்படிப் போனது. அந்த ஆறு மாதம்தான் நாங்கள் தட்டுகளை முழுசாகக் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, ஊர் முழுக்கக் கறண்டு நின்றது. ஒரு கிழமையில் வரும், ஒரு மாதத்தில் வரும் என்று இருந்தோம். வரவில்லை. கையில் வேலையில்லை, காதில் பாட்டில்லை. நான் பெட்டிகளைத் திறந்து துடைப்பேன், மூடுவேன், இரண்டு நாளில் திரும்பத் திறப்பேன். வோல்ட் மீற்றரின் முள் பூச்சியத்தில் கிடந்தது. அதையும் போகவர ஒருக்கால் பார்ப்பேன்.

மூன்றாம் வருஷம், ட்ரான்ஸ்ஃபோமர் சுற்றித் தந்த அந்த றேடியோ திருத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். கார் பற்றறியில் ரியூப் லைற் எரிக்கும் கருவி செய்கிறாராம். பிரசவ விடுதி ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பெரிய ட்ரான்சிஸ்டர்களும் செப்புக் கம்பியும் அரசாங்கத் தடையால் ஊருக்குள் வருவதில்லை. "உங்கடை கறுப்புப் பெட்டிக்குள்ளை நாலைஞ்சு லைற்றுக்குப் போதுமான சாமான் இருக்கு, ஐயா" என்றார்.

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. சும்மா கிடக்கிறதுதானே. கறுப்புப் பெட்டியை மேசையில் தூக்கி வைத்து இரண்டு ஆணியைக் கழற்றியிருப்பேன், மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"அதைத் தொடாதேங்கோ."

"லைற் செய்யக் கேக்கினம். ஆசுப்பத்திரிக்கு."

"தெரியும். கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்." குரலை அவள் உயர்த்தவில்லை. "உங்களுக்குக் கேக்காட்டி எனக்கும் கேக்கக்கூடாதோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். நான் ஸ்குறூ ட்ரைவரைப் பிடித்தபடி நின்றேன். அத்தனை வருஷமும் அந்தப் பெட்டி என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். கழற்றிய இரண்டு ஆணியையும் திரும்பப் பூட்டினேன். பிறகு வெள்ளிப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை எங்கள் முன்னாலேயே பிரித்தார். அந்த முட்கள் இரண்டும் தனியாக மேசையில் கிடந்தன. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்து, விடுதியில் இரண்டு லைற் எரிகிறது, ஒன்றின் கீழே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன என்று சொன்னார். மனைவி அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நான் காதுக்கு அருகில் கையைக் கொண்டுபோய், இல்லாத ஹெட்ஃபோனைச் சரிசெய்யப் பார்த்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மனைவி வந்து கையைப் பிடித்துச் சொல்லும்வரை எனக்கு விளங்கவில்லை. மழை. ஒரு சைக்கிள், இரண்டு பை. நான் கறுப்புப் பெட்டியை முன்அறையிலிருந்து வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தேன். கரியரில் வைத்தால் அரிசிக்கு இடமில்லை.

"வையுங்கோ" என்றாள்.

"நனையாமல் கட்டலாம்."

"வைச்சிட்டு வாங்கோ. நேரமில்லை."

திரும்பக் கொண்டுபோய் வைத்து, அவளுடைய பழைய சீலை ஒன்றால் மூடினேன். வெளியே வந்து, படியில் கால் வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. திரும்பச் சாமான் அறைக்கு ஓடிப்போய் ட்ரான்ஸ்ஃபோமரின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துக் கழற்றினேன். ஐந்து வருஷமாகக் கறண்டு இல்லாத சுவர். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அப்படி விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

சைக்கிளின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். கேற்றைச் சாத்திவிட்டு, றோட்டில் போய்க்கொண்டிருந்த சனத்துக்குள் இறங்கினோம்.