சேமக்காலையில் ஒரு பித்தளைத் தெறி

இன்று காலை சட்டைத் தெறி ஒன்று, பொத்தான்தான், அறுந்துவிட்டது. மாற்றுத் தெறி தேடிப் பழைய பிஸ்கட் பேணியைக் கவிழ்த்தால், கையில் வந்தது அந்தப் பித்தளைத் தெறி. முகர்ந்து பார்த்தேன். உப்பும் மெழுகும் மணத்தன. அறுபது வருடம் கழித்தும் மணக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கு மணத்தது.

முல்லைத்தீவுக்கு நான் சரித்திர வாத்தியாராகப் போனபோது வயது இருபத்திரண்டு. உலகப் போரை மூன்றே பாடத்தில் முடித்துவிடுவேன், அவ்வளவு கெட்டிக்காரன். அந்தப் போரின் ஒரு துண்டு பக்கத்துச் சேமக்காலையில், கோயில் கல்லறைகளுக்கு நடுவே, புதைந்து கிடந்தது மட்டும் தெரியாது.

கருவாடு விற்கும் மதலேன் அக்காவின் கணவர் சூசை, போர்க்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அதே வாரம் தூரத்தில் கப்பல்கள் குண்டுபட்டு மூழ்கின. கரையில் ஒரு பிரேதம் ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருந்தது. "என்ர மனுசன்தான்" என்று அக்கா சொல்ல, சுவாமியார் சூசையின் பெயரிலேயே அடக்கம் செய்தார்.

நவம்பரில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றும் நாளன்று, பின்னேரம், அக்கா என்னை அந்தச் சேமக்காலைக்குக் கூட்டிப்போனார். "சூசை" என்று சொல்லித் திரியை ஏற்றினார். அணைந்தது. மறுபடியும் சொல்லி ஏற்றினார். அணைந்தது.

"ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான், மாஸ்டர். நீங்கள் படிச்ச ஆள். அவற்ற உடம்பில இருந்தது இது. பாத்துச் சொல்லுங்கோ."

பித்தளைத் தெறி. நங்கூரமும் கிரீடமும் பொறித்திருந்தது. யாரோ கப்பற்படைக்காரனுடையது. அக்காவின் கண்ணைப் பார்த்ததும் வாய் பொய் சொல்லிவிட்டது.

"கடையில விக்கிற தெறிதான் அக்கா. சூசையண்ணையின்ர சட்டைத் தெறியாத்தான் இருக்கும்."

அக்கா மெல்லச் சிரித்தார்.

"அந்த மனுசனிட்டச் சட்டையே இருந்ததில்லை, மாஸ்டர். கலியாணத்துக்கும் இரவல் சட்டைதான்."

பிறகு மண்மேட்டைத் தடவினார். "பாவம், ஆரோ பெத்த பிள்ளை. இவ்வளவு காலமும் பேர் மாத்திக் கூப்பிட்டிருக்கிறன்."

பெயர் சொல்லாமல் திரியை ஏற்றினார். வாடைக்காற்று என் சால்வையை இழுத்துக்கொண்டிருந்தது. சுடர் ஆடாமல் நின்று எரிந்தது.

"அப்ப சூசையை எந்தக் கரையில ஆர் புதைச்சவையோ?" என்று கேட்டார். தெறியை என் கையில் வைத்து மூடினார். "இவற்ற ஆக்கள் தேடி வந்தாக் குடுங்கோ."

ஒருவரும் வரவில்லை. கடல் ஒருமுறை ஊருக்குள் வந்து போனது, பிறகு எங்கள் போரும் வந்தது. அந்த மண்மேடு இப்போது இல்லை. அக்காவை எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவும் ஆளில்லை.

சற்றுமுன் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, தெறிக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி வைத்து, "மதலேன்" என்று சொல்லி ஏற்றினேன். அணைந்துவிட்டது.

பெயர் சொல்லாமல் மறுபடி ஏற்றினேன். இதை எழுதி முடிக்கும்போதும் எரிகிறது.