அழித்த கார்டில் இருந்த மணப்பெண்கள்

போன நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வாரம் கண்டி டவுனில் நடந்தது இது.

நான் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை மட்டும் படமெடுப்பவள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அந்தப் பக்கம் வெளி ஆண்கள் வருவதில்லை. முக்காடில்லாமல் ஆடிச் சிரிக்கும் அந்தப் படங்களையும் அவர்கள் பார்க்கக் கூடாது. அதனால் படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த கையோடு, மணப்பெண்ணின் உம்மாவின் கண்முன்னே கேமரா கார்டை அழித்துவிடுவேன். "பாருங்க மாமி, ஒண்டுமில்ல" என்று வெறும் திரையைக் காட்டுவதில் எனக்கு அப்படியொரு பெருமை. அந்த நம்பிக்கையில்தான் தூரத்துத் தெல்தெனியவிலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த வாரமும் ஒரு கல்யாண வீட்டில் அப்படித்தான் அழித்தேன். மறுநாள் மணப்பெண்ணின் உம்மா போனில் அழுதார். "மகள், பென் டிரைவில ஒரு படமும் இல்லையே!" படங்கள் ஏறி முடியுமுன் பிடுங்கிவிட்டேன் போலும்.

அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் கார்டைச் செருகி, வேலையைத் தொடக்கிவிட்டு எழுந்தார். "நீங்களே இந்தக் கதிரையில இருந்து பாருங்க தங்கச்சி. நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார். அந்த மனிதருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

திரையில் மணப்பெண் வந்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். ஆனால் படங்கள் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொரு மணப்பெண். அதற்கும் முந்திய கல்யாணம் ஒன்று. கூந்தலை விரித்துப் போட்டு ஆடும் பெண்கள், மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாய். எல்லாம் நான் அழித்தவை! "அண்ணன், நான் எப்பவோ அழிச்ச படமெல்லாம் வருதே!" என்று கத்தினேன்.

"அழிச்சாலும் உள்ளுக்குள்ள கிடக்கும் தங்கச்சி. மேல வேற படம் ஏறினாத்தான் போகும்" என்றார் அவர், வாசலில் நின்றபடியே.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன வருடம் பழைய கேமராவை, இதே மாதிரி அழித்த கார்டோடு, யாரோ ஒருவருக்கு விற்றிருந்தேன்.

படங்களைக் கொடுக்கப் போன இடத்தில், எல்லாவற்றையும் அந்த உம்மாவிடம் கொட்டினேன். அவர் ஏசவில்லை. "மத்த உம்மாமாருக்கும் செல்லிட்டீங்களா மகள்?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் கார்டை அழித்த பிறகு, ஜன்னலில் கேமராவை வைத்து, கார்டு நிரம்பும்வரை ஹந்தானை மலையை வீடியோ எடுக்கிறேன். விற்ற கார்டில் இருந்தவர்களின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். "ஒண்டுமில்ல" என்று நான் திரையைக் காட்டிய அதே உம்மாமார் கதவைத் திறக்கும்போது, எதிலிருந்து சொல்லத் தொடங்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.