டி போட்டாலும் நகராத வண்டி

புது எலாஸ்டிக் ரோலைப் பிரித்தால் ஒரு ரப்பர் வாசம் வரும் பாருங்கள்... தொண்ணூறுகளின் நடுவில் என் காலைகள் எல்லாம் அந்த வாசத்தில்தான் தொடங்கும்.

ஊத்துக்குளியில் ரயிலேறி வந்து, திருப்பூரில் ஜமீலா அக்காவின் எலாஸ்டிக், லேபிள் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிகளுக்கு சரக்கு கொண்டுபோகும்போது அக்காவுக்குத் துணையும் நான்தான்.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் வலுவில்லாமல் போய்விட்டது. கிளட்சை மிதிக்க முடியாது. அதற்காகவே அவர் கணவர் இஸ்மாயில் பாய், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். ஆட்டோமேட்டிக், கிளட்சே கிடையாது! அதற்கு முன் நாங்கள் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"வலது கால் ஒண்ணு போதும் கண்ணு. அது எங்கிட்ட நல்லாவே இருக்குது," என்று சொல்லிவிட்டு அக்கா ஓட்டுவார் பாருங்கள்... முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டே. டீக்கடையில் நிற்பவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளப்பார்கள். பக்கத்து சீட்டில் எனக்குப் பெருமை தாங்காது. ஏதோ நானே ஓட்டுகிற மாதிரி!

ஒரு வருஷம் நன்றாகப் போனது. அப்புறம்தான் வம்பு ஆரம்பித்தது.

காலையில் ஸ்டார்ட் பண்ணி, கியர் லீவரை டி-யில், அதாவது டிரைவில், போடுவார். வண்டி நகராது. இன்ஜின் மட்டும் உறுமும். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் திடீரென்று 'டொக்' என்று ஒரு உதை. வண்டி முன்னால் பாயும். என் மடியில் இருக்கும் லேபிள் பாக்கெட் எல்லாம் காலடியில் கிடக்கும்.

மெக்கானிக் பழனிசாமி அண்ணனிடம் காட்டினோம். அம்பாசடரும் லாரியும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லி, கியர் ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார்.

"ஆயிலு கோட்டுக்கு மேல நிக்குதுங்க. அதான் இழுக்க மாட்டீங்குது," என்று சொல்லி ட்யூப் போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் கோளாறு இன்னும் மோசம்!

ஒரு நாள் ரயில்வே கேட்டில் நின்றோம். எல்லோரையும் போல நாங்களும் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டோம். கேட் திறந்தது. டி போட்டார் அக்கா. ம்ஹூம்... பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனிலேயே திட்டினான்.

கேள்விப்பட்டதும் இஸ்மாயில் பாய் ஆடிப்போய்விட்டார். "நாளைக்கு தண்டவாளத்து மேல நின்னுட்டா என்ன பண்றது ஜமீலா? வேண்டாம், குடுத்துரலாம்."

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு சாதா கியர் போட்டு, தீவனம் ஏற்றப் போகிறாராம். அன்றைக்கு மத்தியானம் அக்கா சாப்பிடவே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

சனிக்கிழமை காலை, "கடைசியா ஒருக்கா காட்டீட்டு வந்துரலாம் வா," என்று பட்டறைக்குக் கிளம்பினார். நானும் ஏறிக்கொண்டேன்.

"ஆஃப் பண்ணுங்கக்கா, பாக்கறேன்," என்றார் பழனிசாமி அண்ணன்.

"பண்ண மாட்டேனுங்க. அணைச்சா மறுக்கா எப்ப நகருமோ! அப்படியே பாருங்க."

"ஓடற வண்டில யாராச்சும் ஆயில் பாப்பாங்களாக்கா? சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. உருவுங்கண்ணா!"

முனகிக்கொண்டே குச்சியை உருவினார். துடைத்தார், விட்டார், எடுத்தார். வெள்ளை பனியன் வேஸ்ட்டில் வைத்து ஒற்றினார். துணி வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டு இல்லை!

"அக்கோவ்... ஆயிலே இல்லீங்க!"

இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்கு மேல் நிற்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் காணோம். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். வண்டி ஓடும்போது ஆயில் மேலே ஏறி கியர்பாக்ஸுக்குள் நிறைகிறது. நிறுத்தினால் எல்லாம் அடியில் இறங்கிவிடுகிறது. அப்படி அடியில் இறங்கி நின்ற ஆயிலைப் பார்த்து நாங்கள் நிறைய இருப்பதாக நினைத்திருக்கிறோம். ஏற்கெனவே ஒரு ஹோஸ் குழாய் கசிந்து குறைந்துகொண்டிருந்த ஆயில்... அதிலும் கொஞ்சத்தை உறிஞ்சி வேறு எடுத்துவிட்டோம்!

கோயம்புத்தூரிலிருந்து ஆட்டோமேட்டிக் கியருக்கான சிவப்பு ஆயில் வரவழைத்தார். ஹோஸை மாற்றி, இன்ஜினை ஓடவிட்டு, சூடேறச் சூடேறப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். பிறகு அணைத்துவிட்டு ஆறும்வரை காத்திருந்தோம். அக்கா மறுபடி ஸ்டார்ட் பண்ணி டி போட்டார்.

போட்ட உடனே வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நாங்கள் மூன்று பேரும் கத்தின கத்தலில் பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்கா அவரை முன் சீட்டில் உட்காரவைத்து, பாயையும் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, மறுபடி பல்லடம் பஸ்ஸுக்கே கொண்டுவந்து விட்டார்.

"மன்னிச்சுக்கோங்க சாமி, வண்டி விக்கறதில்லீங்க."

அவரும் நல்ல மனுஷர். "நீங்க ஓட்டறதப் பாத்தா எனக்கும் கேக்க மனசு வரலீங்க," என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார். இஸ்மாயில் பாய் பின் சீட்டில் தலையைக் குனிந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது தெருவுக்குப் பத்து ஆட்டோமேட்டிக். ஆயில் பார்க்கும் குச்சியே இல்லாத வண்டிகள் வந்துவிட்டன. என் காரும் ஆட்டோமேட்டிக்தான். எதுவானாலும் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால் முடிந்தது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டமாகத் தலையைச் சொறிந்த அந்த சுகம்தான் இல்லை...

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். இஸ்மாயில் பாய் தவறி நான்கு வருஷமாகிறது. அந்தப் பழைய வண்டியும் எப்போதோ போய்விட்டது. அக்கா வீட்டை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது என்று மகன் சொன்னான். காற்றாட என் காரில் முதலிபாளையம் பக்கம் கூட்டிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஆளில்லை.

"ஓரமா நிறுத்து கண்ணு," என்றார். முடியவில்லையோ என்று பதறி நிறுத்தினேன்.

கதவைத் திறந்து, வண்டியைப் பிடித்துப் பிடித்து மெதுவாகச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

"நவுரு!"