யாரும் சாகாத வீட்டுக் கடுகு

என் தாய்மாமாவிடம் எதற்கும் ஒரு புத்தர் கதை இருந்தது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு தினமும் மலையிறங்கும் லோரிக்காரர் அவர். வழியில் தூக்கம் வராமலிருக்கக் கைப்பேசியில் குட்டிக் குட்டிக் கதைகளாகப் போட்டுக் கேட்பார். கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து எங்கள் தலையில் இறக்குவார். அப்பாவின் மோட்டார் சைக்கிள் களவு போனபோது ஆசையை விடச் சொல்லி ஒரு கதை. பின்வீட்டுச் சேவல் எங்கள் கீரைப் பாத்தியைக் கிளறியபோது பொறுமைக்கு ஒரு கதை. கோபத்தை வென்ற பிக்குவின் கதையைச் சொல்லி முடித்த கையோடு, தன் லோரிக்குக் குறுக்கே காரை நிறுத்திய சுற்றுலாக்காரரை அவர் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தம்பி பிறந்தான். பெயர் வைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற சத்தம் அந்த வீட்டிலிருந்து கேட்கக் கூடாது. கைக்குழந்தை என்பதால் எங்கள் வீட்டில் மூன்று நாளிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாகப் பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாவுக்குத்தான் முடியவில்லை. வாரக்கணக்காக வெறும் பருப்பை வேகவைத்து உப்புப் போட்டு இறக்கினார். உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடும் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு அதைச் சாப்பிட்டார். அம்மா கொழுந்து வெட்டப் போகவில்லை. என்னிடம் பேசவில்லை, எனக்குத் தலை பின்னிவிடவில்லை. அப்பா கட்டிவிட்ட குதிரைவால் ஒரு பக்கக் காதோரம் சரிந்து தொங்க, நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். எனக்கு என் அம்மா வேண்டும். தம்பி வந்துவிட்டால் அம்மா பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்து, "அக்கா, இத மட்டும் கேளுக்கா. மூணே நிமிஷம்தான்லா" என்றார்.

கதையில் ஒரு தாய், இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு புத்தரிடம் ஓடுகிறாள். பிழைக்க வைக்க மருந்து கேட்கிறாள். மருந்துக்கு ஒரு கைப்பிடிக் கடுகு வேண்டும், ஆனால் அது யாருமே சாகாத வீட்டிலிருந்து வர வேண்டும் என்கிறார் புத்தர். அந்த இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா பதறிப்போய்க் கதையை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே போனார். மீதிக் கதையை நான் கேட்கவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. இத்தனை வருடம் ஒன்றுக்கும் உதவாத கதைகளைச் சொன்ன மாமா, கடைசியில் உருப்படியாக ஒன்றைச் சொல்லியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் கடுகு என்றதுமே அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா தாளிக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டார். டம்ளர் நிறைய அள்ளிப் போட்டார். அதன் பிறகுதான் நான் கேட்டேன், இந்த வீட்டில் யாராவது செத்திருக்கிறார்களா என்று. மாமனார், அதற்கு முன் கொழுந்தன். கடுகை அவர் டப்பாவிலேயே திருப்பிக் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே புருஷன். அதற்கடுத்த வீட்டில் தலைச்சன் பிள்ளை. துடுக்கான கேள்விதான், ஆனாலும் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. சௌசௌ கொடியைத் தொட்டாலே விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிற கடைசி வீட்டு அத்தைகூட என்னை உட்கார வைத்து, என் வயதில் போய்விட்ட தன் மகளைப் பற்றிச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் குதிரைவாலை அவிழ்த்து ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டார். எனக்கு நேரமாகிறதே என்றிருந்தது.

லயத்துக்கு அப்பால், சரிவில், பங்களாதேஷ் தொழிலாளர்களுக்காக அப்போதுதான் கட்டிய வீடுகள் இருந்தன. தகரக் கூரையின் பளபளப்புக்கூட மங்கவில்லை. புது வீட்டில் எப்படி யாராவது செத்திருக்க முடியும்? இவ்வளவு நேரம் இது தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

படியில் ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகையில் எனக்குக் கையாட்டிவிட்டுப் போகிறவர்தான். இங்கே செத்தவர்கள் யாராவது உண்டா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சங்கதி தோட்டம் முழுக்கத் தெரிந்ததுதான்.

"தாடா, அடெக்" என்றார். இல்லை, தங்கச்சி. "ருமா பாரு." புது வீடு.

உள்ளே போய் டம்ளர் வழியக் கடுகு கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து, எல்லாரும் கிளம்புங்கள், மாமாவின் லோரியில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போக வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த புத்தர் அங்கே சீனக் கோயிலில்தான் இருந்தார். ஏன், எதற்கு என்று கேட்டதும் நடந்ததைச் சொன்னேன். மாமாவின் முகம் வெளிறிவிட்டது. மீதிக் கதையைச் சொல்ல வாயெடுத்தவரை அம்மா கையைக் காட்டித் தடுத்தார். "நீ சும்மா இரு. அவ சொல்லட்டும்."

நான் வீடு வீடாகச் சொன்னேன், யார் வீட்டில் யார் போனார்கள் என்று. அம்மா என் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும், "அந்தப் பங்களாதேஷ் தம்பி வீட்ல மட்டும் யாருமே சாகலையாமா?" என்றார். புது வீடும்மா என்றேன் பெருமையாக.

அம்மா என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் எண்ணெய் ஊற்றினார். காய்ந்ததும் என் கடுகை அதில் போட்டார். பாவி அம்மா! இனி தம்பி எப்படி வருவான் என்று நான் தரையில் புரண்டு அழுதேன். கடுகு வெடித்த சத்தத்துக்கு அப்பா வெளியிலிருந்து ஓடிவந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அவரிடம் அதற்கு ஒரு கதையும் இல்லை.

தாளித்த பருப்பை அம்மா தூக்குச்சட்டியில் ஊற்றி, மறுகையில் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் புது வீட்டுக்கு நடந்தார். தம்பி போனதிலிருந்து அன்றுதான் வாசலைத் தாண்டினார். கடுகு கொடுத்தவரிடம் பருப்பைக் கொடுத்துவிட்டு, ஊரில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். முன்பல் இல்லாமல் சிரிக்கிற ஒரு சின்னப் பெண். போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாளாம். இவரால் ஊருக்குப் போக முடியவில்லை, அடக்கத்தைக்கூட அந்தக் கைப்பேசியில்தான் பார்த்தாராம். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து, அத்தனை நாள் அழாத அழுகையை அழுது தீர்த்தார்.

எனக்கோ வயிறு எரிந்தது. அப்படியென்றால் இவர் வீட்டிலும் சாவு நடந்திருக்கிறது! அந்தக் கடுகைப் புத்தரிடம் கொண்டுபோயிருந்தாலும் பலித்திருக்காது. திரும்பி வரும்போது, "அவரு பொய் சொல்லிட்டாரும்மா" என்றேன்.

"ஆமாடி" என்றார் அம்மா. அவர் குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு ரொம்ப நாளைக்கு நான் அந்தக் கடுகு கொடுத்தவரோடு 'கா' விட்டிருந்தேன். தேயிலைக்குள்ளிருந்து அவர் கையாட்டினால் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வேன். கேட்டது டம்ளரோடு வந்து நின்ற ஒரு குழந்தை என்பதற்காக, தன் மகளை அந்த ஒரு நிமிடம் சாகாதவளாக்கிவிட்டுத்தான் அவர் உள்ளே போய் அந்தக் கடுகை அள்ளினார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.