நாலு நிமிடத்தில் என் ராத்தா

சுனாமியாகக் கடல் வந்த நாளைப் பற்றி நாலு பாகத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறோம் என்று கொழும்பிலிருந்து ஓர் ஆள் மருதமுனைக்கு வந்தார். கதை எழுதுகிறவர். என் மூத்த சகோதரியை, என் ராத்தாவை, கடல் கொண்டுபோன வீடு என்று யாரோ எங்களைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தேத்தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தவன் நான்தான். முதலில் என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

உம்மா இருபது வருடமாக வெளியே சொல்லாத ஒன்று இருந்தது. அன்று காலை அவருக்குக் கடும் காய்ச்சல், பின் அறையில் படுத்திருந்தார். ராத்தா தன் கைப்பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து ஓடச் சொல்லிவிட்டு, உம்மாவுக்காகத் திரும்பி உள்ளே போனாள். உம்மாவைக் குசினிச் சிலாப்பின் மேல், அடுப்புக்கு மேலிருந்த உயரமான கொங்கிறீட் தட்டில், தூக்கி ஏற்றினாள். தான் ஏறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கைப்பிள்ளையை உம்மாதான் வளர்த்தார். இன்று அவள் ஒலுவில் கம்பஸில் படிக்கிறாள். தாயைக் கடல் கொண்டுபோனது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னாலதான் அவளுக்குத் தாய் இல்லாமப் போன. அத எந்த வாயால சொல்ற?" என்பார் உம்மா.

"டீவியில வரட்டும் உம்மா. பார்த்தா அவளுக்கே விளங்கும். நாம ஒண்டும் கதைக்கத் தேவல்ல" என்று நான்தான் வற்புறுத்தினேன். உம்மா இரண்டு நாள் அழுதழுது சொன்னார். வந்தவர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனார்.

கடைசிப் பாகத்தைப் பார்க்க ராத்தாவின் மகளும் வீட்டுக்கு வந்திருந்தாள். மஃரிபு தொழுதுவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். என்ன அவசரமோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்! யாருக்கோ கல்யாணம் முடிந்து விளம்பரம் போட்டார்கள். விளம்பரம் முடிந்து வந்தால் பிள்ளை நடக்கிறது. மீன்பிடிக்கிறவர் என்று ஒருவர் கடலை முறைத்துக்கொண்டே நின்றார், அவருக்கு வேறு வேலையே கொடுக்கவில்லை. ஒரு மௌலவி வந்தார், வானத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

பிறகு ராத்தா வந்தாள். மாமியார் வீட்டில் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோரும் மகளோடுதான் இருப்பார்கள். இதை ஒருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோறு கையால்தான் சாப்பிடுகிறோம் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? கதை எழுதியவர் தன் பாட்டுக்கு ராத்தாவை மாமியார் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அங்கே உம்மாவுக்கு இடமில்லை. உம்மா இல்லையென்றால் அவள் ஏன் திரும்பி உள்ளே ஓட வேண்டும்? ஓடினாள். அலுமாரியைத் திறந்தாள். நகைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தண்ணீர் வந்தது. எல்லாமாக நாலு நிமிடம்.

"நகைக்கா? என்ட புள்ள நகைக்கா போன?" என்றார் உம்மா.

ராத்தாவின் மகள் எழுந்து டீவியை அணைத்தாள்.

நான் முற்றத்துக்குப் போய் அந்த ஆளுக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "நாலு பாகத்துக்குள்ள எல்லாத்தையும் அடக்கணுமே சேர். ஒரு கதாபாத்திரத்தக் குறைச்சோம், அவ்வளவுதான்" என்றார். குறைத்தது என் உம்மாவை. வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசி என்ன செய்ய?

உள்ளே வந்தபோது உம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். காய்ச்சல், குசினி, சிலாப்பு, எல்லாம். அவள் உம்மாவின் கண்களைத் துடைத்துவிட்டாள்.

"எனக்காக வேண்டி இப்படிச் சொல்லத் தேவல்ல உம்மம்மா. என்ட உம்மா நகைக்குப் போயிருந்தாலும் எனக்குக் கோபமில்ல."

"உண்மதான் மகள், அந்த ஆளுக்கிட்டயும் இதத்தான் சொன்ன" என்றேன்.

"அப்ப ஏன் மாமா எனக்கிட்ட இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

அவள் அன்பாகத்தான் கேட்டாள்.

அடுத்து வந்த பெருநாளுக்கு உம்மா தன் கைக் காப்பு இரண்டையும் கழற்றி அவளிடம் நீட்டினார். "வேணாம் உம்மம்மா, எனக்கு நகை ஒண்டும் வேணாம்" என்றாள். உம்மா அவற்றைத் திரும்பக் கையில் போடாமல் அலுமாரியில் வைத்தார்.