எனக்கு வந்த வசனம்

எங்கள் சபையில் புது வருடத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வசனம் எடுக்கும் வழக்கம் உண்டு. பாஸ்டரம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வரிசையாக வருவார். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருப்பதுதான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குத் தருகிற வாக்கு. வீட்டுக்குப் போய் முகம் பார்க்கிற கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜனவரி முதல் தேதி. என் மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஆசீர்வாதம் வந்தது. பெண்கள் பக்கத்தில் மனைவிக்குச் சமாதானம் வந்தது. நான் எடுத்த அட்டையைத் திருப்பினேன். மரணம் என்ற சொல்தான் முதலில் கண்ணில் பட்டது. சாவின் இருட்டு மூடிய பள்ளத்தில் நடக்க நேர்ந்தாலும் பயப்படமாட்டேன் என்று சொல்கிற வசனம். எல்லாருக்கும் தெரிந்ததுதான், சாவு வீட்டில் வாசிப்பார்கள்.

"அம்மா, இத வெச்சிட்டு வேற ஒண்ணு எடுத்துக்கட்டா?" என்றேன் பாஸ்டரம்மாவிடம்.

"ஏம்பா, இது இன்னா லாட்டரி சீட்டா? பிரைஸ் உழலன்னா வேற வாங்கறதுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஊர் சேவூர் வரை நடந்தே வந்தோம். பாதி வழியில் மனைவி என் சட்டைப்பையில் கைவிட்டு அட்டையை எடுத்துப் படித்தாள். அவள் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்து என்னை அறிந்தவள்.

"நல்ல வசனந்தான மாமா? அதுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிகினு வர்ற?"

"சாவுன்னு போட்டுகீது."

"கிளி சீட்டு எடுத்தா மாதிரி பேசறியே. கிளி ஜோசியக்காரன்கிட்ட காசு குடுத்தது போதும்னு சொல்லிதான இங்க வந்த? வந்த எடத்துலயும் ஒரு கிளியப் புடிச்சிகினியா?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் சரியான பேச்சு எதுவும் என் பயத்துக்குள் நுழைந்ததில்லை. எட்டாவது முழுப் பரீட்சையன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பி வந்தவன் நான். அதோடு படிப்பு போயிற்று, தறியில் உட்கார்ந்தேன். அப்பா ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு யார் படுத்துத் தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். நெய்துகொண்டிருக்கும்போதே இறங்கிப் போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். பாவு இழையில் ஒன்று அறுந்தால் நின்று முடிச்சுப் போடலாம். மனதில் எது அறுந்தது என்று தெரியாமலே நாளெல்லாம் தடவிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

அந்தப் பயம் தாங்காமல்தான் சபைக்குப் போனேன். அவள் அங்கே பாடுகிற பாட்டுப் பிடித்துப்போய் பின்னால் வந்தவள். அவளுக்கு எல்லாம் சுலபமாக இருந்தது. ஜெபித்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் தூங்கிவிடுவாள். எனக்கோ ஜெபம் என்பது கெட்டது எந்தெந்த வழியில் வரலாம் என்று ஆண்டவருக்கு எடுத்துச் சொல்வதாக இருந்தது. பஸ் கவிழக்கூடாது, படியில் வழுக்கக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாது என்று ஒன்று விடாமல் சொல்வேன். ஒன்றை விட்டுவிட்டால் அந்த வழியில் வந்துவிடும் என்று தோன்றும். பயப்படுவது விசுவாசக் குறைவு என்று சபையில் அடிக்கடி சொல்வார்கள். அதனால் பயப்படுவதைப் பற்றியும் பயப்பட ஆரம்பித்தேன்.

அட்டையைக் கண்ணாடி மேல் அவள்தான் ஒட்டினாள். நான் தலை சீவும்போது குனிந்துகொள்வேன். அவளைப் பெரணமல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போகவிடவில்லை, ரோடு சரியில்லை என்றேன். தண்ணீர்க் குடம் தூக்கவிடவில்லை. "அசையுதா?" என்று நாளுக்கு எத்தனை முறை கேட்டிருப்பேனோ. "அசையுது சாமி, நீ கொஞ்சம் சும்மா இருந்தா நல்லா அசையும்" என்பாள். என் அம்மா இன்னும் பழைய சாமியைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மருமகளுக்காகப் படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்து மஞ்சள் கயிறு ஒன்றைத் தலைமாட்டில் வைத்தாள். மனைவி எடுத்து ஜன்னலில் வைத்தாள். நான் அதை அங்கேயே விட்டுவைத்தேன். எனக்கு எந்தப் பக்கத்திலிருந்தாவது அவள் பிழைத்தால் போதும் என்று இருந்தது.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். தறிக்குழியில் இருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் கேட்காமல் அவளாக வந்து நின்றது அன்றைக்குத்தான்.

"மாமா, காலைலருந்து அசையல."

ஐந்து மாதமாக இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன் நான். ஆனால் அது வந்தபோது செருப்பு எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வெறும் காலோடு ஓடி ஆட்டோ பிடித்தேன். ஆரணியில் பார்த்துவிட்டு, "துடிப்பு கம்மியா இருக்கு, ஜல்தியா வேலூருக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். வாடகைக் காரில் அவள் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அன்று அவள் என்னைக் கேலி செய்யவில்லை. கண்ணமங்கலம் தாண்டும்போது, "உன் கை ஏன் இப்டி வேர்க்குது" என்று மட்டும் கேட்டாள்.

போனதும் மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. அழவில்லை. ஒரு நர்ஸம்மா வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து முகத்தைக் காட்டினார். எங்கள் அம்மாவின் மூக்கு.

"பாப்பாவோட அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலப்பா. சாயங்காலம் முழிச்சிப்பாங்க. பாப்பா போனத நாங்க சொல்றதவிட நீங்க சொல்றதுதான் நல்லது" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்தேன். வழக்கம்போல ஜெபிக்கப் பார்த்தேன். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் வரக்கூடாது என்று சொன்னதெல்லாம் எதற்கு? வந்தாயிற்று. ஏன் என்று கேட்டேன். பதில் வரவில்லை. அந்த வெறுமையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டவர் இல்லை என்று எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஏன், ஏன் என்று நான் யாரிடமோதான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதை நிறுத்த முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. இரண்டும் மாறி மாறி வந்தன. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது, பரீட்சை வாசலிலிருந்து ஓடியதுபோல.

சாயங்காலம் கூப்பிட்டார்கள். வார்டில் இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டிலுக்குக் கட்டில் குழந்தைகள். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"எங்க?"

"போயிடுச்சிமே. பொண்ணு. நம்ம அம்மா மூக்கு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவர கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலியா? எனக்கு சமாதானம்னு குடுத்தாரே, எங்க அது?" குரல் உடைந்தது. தையல் வலித்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். ஆறுதலாகச் சொல்ல ஒரு வசனம்கூட எனக்கு வாயில் வரவில்லை, வராததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

அழுது ஓய்ந்தபின், "மாமா, என்னால ஜெபம் பண்ண முடில. எப்பவும் வாய்விட்டு நான்தான பண்ணுவேன். இன்னிக்கி நீ பண்ணு" என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். எனக்குக் கேக்கணும்."

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. சபையில் யாராவது ஜெபியுங்கள் என்றால் தலையைக் குனிந்துகொள்கிற ஆள். பயம் போய்விட்டது என்று சாட்சி சொல்ல இன்றைக்கும் எனக்கு முடியாது. அன்றும் அது போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆண்டவரே, எங்க பாப்பா போயிடுச்சி. ஏன்னு நீங்க சொல்லல. எங்க ரெண்டு பேருக்கும் பயமா கீது. நீங்களும் போயிடாதீங்க."

அதற்குமேல் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு மாமா" என்றாள், கண்ணை மூடியபடியே.

பக்கத்துக் கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் துணையிருந்த அம்மாவும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.